ரொட்டி சுட்டது யார்?

ஃபௌஜா சிங் 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் சொந்த ஊரான பியாஸ் அருகே கார் மோதி இறந்தபோது, வந்த அஞ்சலிகளெல்லாம் ஒரே கதையைச் சொல்லின. மனைவி போனார். 1994இல் மகன் குல்தீப் போனார். கிழவர் நொடிந்துபோனார். பிறகு ஓடத் தொடங்கினார். 2000இல் 89 வயதில் லண்டன் மாரத்தான். 2011இல் டொராண்டோவில், நூறு வயதில், 8 மணி 11 நிமிடம். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை, அது கிடக்கட்டும். ஓட்டம்தான் அவரை மீட்டது என்று எல்லோரும் முடித்தார்கள். அந்த முடிவோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

ஓட்டத்தால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. உடம்பு அலுத்தால் தூக்கம் வரும். விடியற்காலையில் தெருமுனையில் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்பதே படுக்கையைவிட்டு எழுப்பிவிடும். இழவு வீட்டின் நாற்காலியிலேயே உட்கார்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாராவது கையைப் பிடித்து நடக்க வைத்திருக்கலாம். இவ்வளவும் சரி.

அந்தமான் நிக்கோபாரில் இந்தக் கதைக்கு சைக்கிள் வடிவம் உண்டு. 2020 ஜனவரி ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர், கேலோ இந்தியா போட்டியில் 200 மீட்டர் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற நிக்கோபார் இளைஞர் டேவிட் பெக்காமைப் பற்றிப் பேசினார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், எல்லோருக்கும் உந்துதல் என்றார். அதற்கு முன்பே சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்ட். 2004 சுனாமியின்போது ஒன்பது வயது. நாட்கணக்கில் மரத்தில் தொற்றிக்கொண்டு உயிர் பிழைத்தவர். 2015இல் 500 மீட்டரில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம். மரத்தில் காட்டிய தாங்குதிறன்தான் பந்தயத்தில் வென்றது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஐந்நூறு மீட்டர் என்பது சைக்கிள் ஓடுதளத்தில் இரண்டே சுற்று. கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற பந்தயம். அதில் தாங்குதிறனைத் தேடியவர்கள் சைக்கிளைப் பார்க்கவில்லை, தங்களுக்கு வேண்டிய கதையைப் பார்த்தார்கள்.

பெக்காமின் கதையிலும் பெற்றோரின் சாவுக்கும் தங்கத்துக்கும் நடுவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் காணாமல் போகின்றன. அந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறு போட்டவர்கள் யார்? அவருடைய தீவான கார் நிக்கோபாரில் துஹெத் என்றொரு கூட்டுக்குடும்ப அமைப்பு உண்டு. தென்னந்தோப்பும் பன்றிகளும் பொது. பிள்ளைகளும் ஏறக்குறைய அப்படித்தான். சுனாமிக்குப் பின் நிவாரணமும் வீடும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று தனிக்குடும்பங்களாக எண்ணிக் கொடுக்கப்பட்டன. துஹெத் தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். துக்கத்தைத் தாங்கிய ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு, அதன் பிள்ளை ஜெயித்ததும் சைக்கிளுக்கு மாலை போடுகிறோம்.

ஃபௌஜா சிங்கிடம் பேட்டி கண்டவர்கள் சலிக்காமல் கேட்ட கேள்வி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது. ரொட்டி, பருப்பு, காய்கறி, தயிர், இஞ்சி டீ. உலகமே அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தது. ரொட்டியைச் சுட்டது யார் என்று கேட்ட பேட்டி ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. குல்தீப்புக்காக அழுதவர் அவர் அப்பா ஒருவர்தானா? நெடுந்தூர ஓட்டத்துக்கு முதலில் வேண்டியது ஷூ அல்ல, நேரம். வாரத்துக்கு எத்தனையோ மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும், திரும்பி வரும்போது அடுப்பில் ஏதாவது இருக்க வேண்டும். ஒருவர் தன் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்றால், அதே துக்கம் உள்ள இன்னொருவர் வீட்டில் அடுப்படியில் நிற்கிறார் என்று பொருள்.

அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண். மனைவியை இழந்தவர் கருமாதி முடிந்த மறுவாரம் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால், “மனசைத் தேத்திக்கிட்டாரு” என்பார்கள். கணவனை இழந்தவள் அதையே செய்தால்? “ஈரம் காயல, அதுக்குள்ள ஓட்டம் கேக்குதோ” என்பது நம் தெருவிலேயே கேட்கும். மீண்டெழும் மனவலிமை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, ஊர் கொடுக்கும் அனுமதி. அதைக் கால்களின் சாதனையாக எழுதுவது சோம்பேறித்தனம் என்று முன்பு நினைத்தேன். இப்போது அது பொய் என்றே தோன்றுகிறது.

வட அந்தமானின் திக்லிபூரில் இருந்துகொண்டு இந்தக் கதைகளைப் படிப்பது இன்னும் சங்கடம். 2004 நிலநடுக்கம் நிக்கோபாரை அமிழ்த்தியது. இங்கே கரையை மேலே தூக்கிப் பவளப்பாறைகளைக் காய வைத்தது. ஆனால் இந்த ஊரே இழப்பின் மேல் எழுந்தது. பிரிவினையில் கிழக்கு வங்கத்தில் வீட்டையும் உறவையும் விட்டு வந்தவர்கள் காடு வெட்டி, நெல் விதைத்து, மதுப்பூர், ராமகிருஷ்ணகிராம், சுபாஷ்கிராம் என்று பேர் வைத்து உட்கார்ந்த ஊர். அவர்களில் யாரும் சாடில் பீக்கில் ஏறித் துக்கத்தை இறக்கி வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. 732 மீட்டர், அந்தமானிலேயே உயரமான மலை. லாமியா பேயிலிருந்து நான் ஏறியிருக்கிறேன். இறங்கும்போது முழங்காலைத் தவிர வேறு நினைவே இல்லை. அதுவும் ஒரு நிம்மதிதான், மறுக்கவில்லை. மறுநாள் காலைவரை இருந்தது.

தாங்குதிறனை அளக்க நெடுந்தூரம்தான் வேண்டுமென்றால் இங்கே ஒன்று இருக்கிறது. திக்லிபூர் மருத்துவமனையில் முடியாது என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தமான் டிரங்க் ரோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகுக்கு நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஜாரவா பழங்குடிக் காப்பகத்துக்குள் குறித்த நேரத்தில் கான்வாய் கிளம்பும்வரை நிற்க வேண்டும். கணவனை இழந்த ஒரு பெண் மாமியாரை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு அந்தப் பஸ்ஸில் போகிறாள். மடியில் எக்ஸ்ரே கவர், காலடியில் சோற்றுத் தூக்கு. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்வார்கள்.