அரையிறுதியை ரசிப்பது எப்படி?

உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் கண்விழிக்க முடியும் என்றால், அரையிறுதிக்கு விழித்திருங்கள். இறுதி ஆட்டம்வரை வந்துவிட்ட அணிக்கு ஒரு நிம்மதி உண்டு. தோற்றாலும் ஊரில் மாலை போட்டு வரவேற்பார்கள். அரையிறுதியில் தோற்றவர்களுக்கு மிஞ்சுவது மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். அதை ஆட ஆட்டக்காரர்களுக்கே மனசு வராது. அதனால் அரையிறுதியில் இரண்டு அணிகளும் ஜெயிக்க ஆடுவதற்கு முன்னால் தோற்காமல் இருக்க ஆடுகின்றன. அந்தப் பயம் எங்கே இருக்கிறது, அதை யார் எப்படித் தாண்டுகிறார்கள் என்று கவனிக்கப் பழகிவிட்டால் போதும். கோலே விழாத ஆட்டத்திலும் உங்களுக்குப் பார்க்க நிறைய இருக்கும்.

கோவையில் அரையிறுதி பெரும்பாலும் நள்ளிரவில்தான் வருகிறது. கத்தாரில் நடந்த 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா–குரோஷியா ஆட்டம் நமக்கு டிசம்பர் 14 அதிகாலை 12.30 மணிக்குத் தொடங்கியது. கார்த்திகைக் கடைசிக் குளிரில், போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு ஜியோ சினிமாவில் பார்த்தவர்கள்தான் அதிகம். விடிந்ததும் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக அதே ஆட்டம் இரண்டாம் முறை நடந்தது. காந்திபுரத்திலும் பீளமேட்டிலும் உக்கடத்திலும் காலை ஏழு மணிக்குப் பேக்கரி வாசலில் நின்றவர்களுக்கு இது தெரியும். வாளையாறு தாண்டினால் கேரளம். கோழிக்கோடு பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் கட்அவுட் வைத்த வருடம் அது. அந்தச் சூடு இங்கே கல்லூரி விடுதிகள் வரை வந்திருந்தது. திருப்பூர் காதர்பேட்டையில் நீலமும் வெள்ளையுமாக வரி போட்ட பனியன்கள் தொங்கின.

அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோல் அடித்தவர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: மெஸ்ஸி ஒன்று, ஹூலியன் ஆல்வாரெஸ் இரண்டு, மூன்றுக்குப் பூஜ்யம். முதல் அரை மணி நேரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அநேகமாகப் பதில் வராது. அந்த அரை மணி நேரம் பந்து குரோஷியாவிடம்தான் இருந்தது. மோட்ரிச், புரோசோவிச், கோவாசிச் மூவரும் நடுக்களத்தில் பந்தைச் சுற்றிச் சுற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானையும் பிரேசிலையும் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று வந்த அணி அது. ஆட்டத்தை இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் தங்கள் கை ஓங்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி அதற்குத்தான் பயந்தார். நெதர்லாந்துக்கு எதிராகப் பின்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தியவர், இங்கே ஒரு டிஃபெண்டரை எடுத்துவிட்டு பரேடெசை உள்ளே கொண்டுவந்தார். குரோஷியாவின் மூன்று பேருக்கு எதிரே நடுக்களத்தில் நான்கு பேர். அவர்கள் பந்தைப் பிடுங்க ஓடவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள். பிறகு என்சோ பெர்னாண்டஸ் நடுக்களத்திலிருந்து ஒரே ஒரு பந்தை முன்னால் தள்ளினார். ஆல்வாரெஸ் ஓடினார், கோல்கீப்பர் லிவாகோவிச் மோதினார், பெனால்டி. 34-ஆவது நிமிடம். ஐந்து நிமிடம் கழித்து, குரோஷியா கார்னர் எடுக்கப் போய் ஆட்களை முன்னால் அனுப்பியிருந்த நேரத்தில், ஆல்வாரெஸ் தன் பாதியிலிருந்தே பந்தோடு ஓடி இரண்டாவதைப் போட்டார். அதுவரை பயத்தை அடக்கி வைத்திருந்த அணி எது, அவசரப்பட்ட அணி எது என்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

ஆகவே முதல் இருபது நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். கண் தானாகப் பந்தின் பின்னால் போகும். ஒரு வழி இருக்கிறது. ஒரே ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். நட்சத்திரம் வேண்டாம். நடுக்களத்தில் தடுத்தாடுபவர் ஒருவர், அல்லது ஓரத்து டிஃபெண்டர் ஒருவர். பந்து தன்னிடம் இல்லாதபோது அவர் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார், தன் அணிக்காரர் முன்னால் போனதும் அந்த இடத்தை நிரப்பப் போகிறாரா, கையைக் காட்டி யாரைக் கூப்பிடுகிறார். டிவி கேமரா இவரை அடிக்கடி விட்டுவிடும். விட்டுவிட்டுத் திரும்ப வரும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதே ஒரு பயிற்சி.

இதற்கு நல்ல பாடம் 2018-இல் ரஷ்யாவில் நடந்த பிரான்ஸ்–பெல்ஜியம் அரையிறுதி. போரடிக்கிறது என்று பலர் ஒதுக்கிய ஆட்டம் அது. 51-ஆவது நிமிடம் கிரீஸ்மன் அடித்த கார்னரை டிஃபெண்டர் உம்திதி தலையால் முட்டினார். ஒன்றுக்குப் பூஜ்யம், முடிந்தது. அன்றைக்கு பிரான்ஸின் ஒன்பதாம் எண் சட்டையில் ஆடியவர் ஜிரூ. அந்த உலகக் கோப்பை முழுவதிலும் அவர் அடித்த ஒரு பந்துகூட கோலை நோக்கிச் சரியாகப் போகவில்லை. ஆனால் பிரான்ஸ் கோப்பையை வென்றது, அவரை வைத்துக்கொண்டே வென்றது. காரணம், எதிரணியின் இரண்டு டிஃபெண்டர்களைத் தன் உடம்பாலேயே கட்டிப்போட்டுவிட்டு எம்பாப்பேவுக்கும் கிரீஸ்மனுக்கும் வழி விட்டார். கோல் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு ஜிரூ தோல்வி. ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு அவர் அந்த அணியின் தூண்.

சீக்கிரம் விழுகிற கோலையும் கவனிக்க வேண்டும். 2022-இன் இன்னோர் அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மொராக்கோ ஆடியது. அரையிறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி. அதுவரை அந்தத் தொடரில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர்கூட அவர்கள் கோலுக்குள் பந்தை அனுப்பியதில்லை. விழுந்த ஒன்றும் தங்கள் ஆளின் காலில் பட்டுப் போனது. ஐந்தாவது நிமிடத்திலேயே தியோ எர்னாண்டஸ் போட்டுவிட்டார். தடுத்து நின்று திருப்பி அடிப்பதையே பலமாக வைத்திருந்த அணி, இப்போது முன்னேறித் தாக்க வேண்டும். மீதி எண்பத்தைந்து நிமிடம் மொராக்கோ தனக்குப் பழக்கமில்லாத ஆட்டத்தை எவ்வளவு அழகாக ஆடியது! தோற்றது, இரண்டுக்குப் பூஜ்யம். அந்த இரவின் சிறந்த கால்பந்து தோற்றவர்களிடம்தான் இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

ஒருதலையாகப் போகும் அரையிறுதியும் உண்டு. 2014-இல் பெலோ ஒரிசோன்டேயில் பிரேசிலை ஜெர்மனி ஏழுக்கு ஒன்று என்று அடித்தது. 23-ஆவது நிமிடத்திலிருந்து 29-ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல். நெய்மார் இல்லாததுதான் காரணம் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். மறுபடி பார்க்கிறவர்கள் பின்வரிசையைப் பாருங்கள். தடையால் ஆட முடியாமல் போன தியாகோ சில்வாவின் இடம் அங்கே ஓட்டையாகக் கிடக்கிறது. ஒரு கோல் வாங்கியதும் எல்லோரும் சேர்ந்து முன்னால் ஓடுகிறார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பயம் பதினோரு பேரையும் பதினோரு திசைக்கு அனுப்பிவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு நிமிடம் 2002-இல், தென் கொரியாவுக்கு எதிரான அரையிறுதியில். ஜெர்மனியின் பல்லாக், கொரியா பாய்ந்து வந்த ஒரு தாக்குதலை ஃபவுல் செய்து நிறுத்தினார். மஞ்சள் அட்டை. முன்பே ஒன்று வாங்கியிருந்ததால் இறுதி ஆட்டம் தனக்கு இல்லை என்று அவருக்கு அங்கேயே தெரியும். சில நிமிடங்களில் அவரே கோல் அடித்து, தான் ஆட முடியாத இறுதிக்கு அணியைக் கொண்டுபோனார். 2010 முதல் காலிறுதியோடு மஞ்சள் அட்டைக் கணக்கை அழித்துவிடுகிறார்கள். அது நியாயம்தான். ஆனாலும் அரையிறுதியில் ஒருவன் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் ஆடுவதை இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை.

டிவியில் பார்த்துப் பழகியவர்கள் ஒரு முறையாவது மைதானத்தில் பார்க்க வேண்டும். கோவை நேரு ஸ்டேடியத்துக்கு அந்த வாய்ப்பைத் தந்த பெருமை இருக்கிறது. சென்னை சிட்டி அணி ஐ-லீக் ஆட்டங்களை இங்கேதான் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம், ஜெயித்தால் சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது, கோவையில் கால் சறுக்கினால் பட்டம் அங்கே போகும். எதிரணியான மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு சென்னையின் பெத்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல். பெயருக்கு அரையிறுதி இல்லை, ஆனால் அந்தப் பயத்தின் வாசனை அப்படியே இருந்த ஆட்டம். அங்கே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் கேமரா காட்டாத அத்தனையும் கிடைத்தது: பந்து எதிர்க்கோடியில் இருக்கும்போது கோல்கீப்பர் தன் ஆட்களைக் கத்திக் கத்தி நகர்த்துவது, கோல் வாங்கியதும் முதலில் பந்தை எடுத்துக்கொண்டு நடுவுக்கு ஓடுவது யார் என்பது.

இந்தியாவே அரையிறுதி ஆடியதைப் பார்க்க ஒரு ராத்திரி பஸ் போதுமாக இருந்தது. 2023 ஜூலை 1, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், தெற்காசியக் கோப்பை, லெபனானுக்கு எதிராக. 120 நிமிடமும் கோல் இல்லை. பெனால்டியில் குர்பிரீத் சிங் சந்து முதல் பந்தைத் தடுத்தார்; நான்குக்கு இரண்டு.

அதைவிடப் பெரியது 1956 மெல்பர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை நெவில் டிசோசாவின் மூன்று கோல்களோடு நான்குக்கு இரண்டு என்று வென்று, ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடானது இந்தியா. யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதலில் கோல் போட்டதும் நாம்தான், டிசோசாவேதான். பிறகு நான்கு வாங்கித் தோற்றோம். அந்த அணியில் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் வருகிற வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடியவர். அந்தச் சென்டர் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. கால்பந்து என்றால் கல்கத்தா, கேரளம், கோவா என்று மட்டும் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நமக்குப் பக்கத்து மலையில் நடந்த கதை.

பேச்சு என்றதும் பேக்கரிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அரையிறுதியை ரசிப்பதில் பாதி அங்கேதான். மெஸ்ஸி பெரிய ஆளா, எம்பாப்பே பெரிய ஆளா என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும். ஒரு குறிப்பிட்ட நிமிடத்தை எடுத்துக் கேளுங்கள்.

“ஏனுங்ணா, மூணாவது கோலுக்கு அந்த மாஸ்க் போட்ட பையன் நின்னது தப்புங்களா?”

“தப்பில்ல கண்ணு. கடைசி வரைக்கும் கூடவே வந்தானே, விட்டுப்போட்டு நின்னானா?”

அவர்கள் பேசுவது அதே அர்ஜென்டினா–குரோஷியா ஆட்டத்தில் குரோஷியாவுக்கு ஆடிய யோஷ்கோ குவார்டியோலைப் பற்றி. அப்போது அவருக்கு இருபது வயது; அந்தத் தொடரின் நல்ல டிஃபெண்டர்களில் ஒருவர். வலது ஓரத்தில் மெஸ்ஸி பந்தோடு ஓடினார், நின்றார், திரும்பினார், மறுபடி ஓடினார். குவார்டியோல் ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டே வந்தார், ஃபவுல் செய்யவில்லை. கடைசித் திருப்பத்தில் அரை அடி கிடைத்தது, பந்து ஆல்வாரெஸிடம் போனது. தோற்கடிக்கப்பட்டவனின் திறமையைப் பேசினால்தான் ஜெயித்தவனின் அளவு தெரியும். இந்த ஒரு கோலைப் பற்றி இரண்டு டீ குடிக்கும் நேரம் பேசலாம்.

இரண்டு சின்ன யோசனைகள். நாலு பேர் நாலு செல்போனில் பார்க்காதீர்கள். ஒருவருடையது சில நொடி முந்தி ஓடும், அவர் கத்துவதில் மற்றவர்களுக்கு கோல் கெட்டுப்போகும். ஒரே திரை, எல்லோரும் அதையே பார்க்கட்டும். ஹைலைட்ஸை மறுநாள் மாலைக்கு ஒத்திவையுங்கள். பேக்கரியில் பேசி முடித்த பிறகு பார்த்தால், நீங்கள் சொன்னது சரியா, பக்கத்து ஆள் சொன்னது சரியா என்று தெரியும்.

அடுத்த அரையிறுதி இரவு, உங்கள் எதிரணிக்கு ஆதரவான ஒருவரைக் கூட்டி வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை டீக்கு அவரை முதலில் பேச விடுங்கள்.