மேல்சிகிச்சைப் பரிந்துரையும் யதார்த்தவாத மதிப்பீடும்

யதார்த்தவாத மதிப்பீடு என்பது ரே பாசன், நிக் டில்லி ஆகியோர் 1997-ல் வெளியிட்ட நூலின் வழி பரவலான ஆய்வுமுறை. ஒரு திட்டம் பலன் தந்ததா என்பதோடு நில்லாமல் யாருக்கு, எந்தச் சூழலில், எதனால் தந்தது என்று கேட்பது இதன் இயல்பு. சூழல், இயங்குமுறை, விளைவு ஆகிய மூன்றும் இதன் அடிப்படைக் கருத்துகள்.

மேல்சிகிச்சைப் பரிந்துரையை ஆராய இம்முறை ஏற்றது. காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். நகரையொட்டிய காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் உள்ளது. எனவே தொலைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. கூலி நெசவாளருக்குச் சேலைக் கணக்கில்தான் வருமானம். தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. ஒரே பரிந்துரைச் சீட்டுடன் மாதச் சம்பளக்காரர் மறுநாளே போகலாம்; நெசவாளர் சேலை அறுக்கும்வரை தள்ளிப்போடலாம். இதை அறிந்த மருத்துவர் சீட்டே எழுதாமல் விடவும் கூடும். சீட்டுகளை எண்ணும் ஆய்வில் இந்த முடிவு பதிவாகாது.

ஆனால் இம்முறையிலும் குறைகள் உண்டு. சூழலையும் இயங்குமுறையையும் பிரிப்பது எளிதல்ல. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் சூழல். தறி நின்றால் கடன் தீராது என்ற அச்சம் இயங்குமுறை. இரண்டையும் ஒன்றாக எழுதினால் விளக்கம் வெறும் வருணனையாகிவிடும். மேலும், மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் மட்டும் பேட்டி எடுத்தால், வராதவரின் காரணம் ஆய்வுக்குள் வராது. பரிந்துரை தோற்கும் இடம் அதுவே. ஆகவே இவ்வாய்வு புறநோயாளிப் பிரிவில் முடியாமல் தறிக்குழி வரை செல்ல வேண்டும்.