கான்ட்டும் பகுப்பாய்வு மெய்யியலின் தோற்றமும்

பகுப்பாய்வு மெய்யியல், கருத்துமுதற்கொள்கையை வீழ்த்தி எழுந்தது என்பர். 1903இல் மூர் எழுதிய ‘கருத்துமுதற்கொள்கை மறுப்பு’ என்னும் கட்டுரையை அதற்குச் சான்றாகக் காட்டுவர். நாமும் பல்லாண்டு மாணாக்கர்க்கு இவ்வாறே உரைத்து வந்தோம். அது பாதியுண்மையே என்பதை இன்று உடன்படல் வேண்டும்.

முதற்கண் சொல் பற்றி ஒன்று. கான்ட் தம் கொள்கைக்கு இட்ட பெயரைக் ‘கடந்தநிலைக் கருத்துமுதற்கொள்கை’ எனப் பெயர்க்கத் தோன்றும். கடந்தநிலை என்றதும் நம்மவர் உள்ளம் கடவுளின்பாற் செல்லும். கான்ட் கருதியது அதுவன்று. அனுபவம் நிகழ்தற்கு அறிவின்கண் முன்னரே அமைந்திருக்க வேண்டுவன யாவை என்பதே 1781இல் வெளிவந்த அவர் பெருநூலின் வினா. இடமும் காலமும் நம் காட்சியின் வடிவங்கள். பொருள்களை நமக்குத் தோன்றுமாறே அறிகின்றோம் என்பது அவர் துணிபு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதும் கருத்துகளைப் பகுப்பதனால் மட்டும் பெறப்படாது, காட்சியின் துணையும் வேண்டும் என்றார்.

பிரேகே 1884இல் மறுத்தது இவ்விடத்தையே. எண்கணித உண்மைகள் அளவையியல் விதிகளினின்றும் வரையறைகளினின்றும் பெறப்படும், காட்சி வேண்டா என்பது அவர் கொள்கை. ஆயின் வடிவகணிதத்தில் கான்ட்டின் முடிபே சரியென அந்நூலிலேயே ஒப்புகின்றார். பலர் விரைந்து கடந்துசெல்லும் இவ்விடமே நமக்குத் தலையாயது. பகுப்பு, தொகுப்பு என்னும் கான்ட்டின் பிரிவை நிறுவுமுறை நோக்கித் திருத்தி, எண்ணை ஓர் அறையினின்று மற்றோர் அறைக்கு மாற்றினார் பிரேகே, வீட்டை இடித்தாரல்லர்.

மூரின் கட்டுரையோ ‘உளதாதல் அறியப்படுதலே’ என்னும் பெர்க்லியின் கூற்றைத் தாக்குவது. அக்கூற்றினின்று தம்மைப் பிரித்துக்கொள்ள விரும்பியவர் கான்ட். 1787இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் சேர்த்த பகுதியொன்றின் தலைப்பும் ‘கருத்துமுதற்கொள்கை மறுப்பு’ என்பதே! தலைப்பு ஒன்றாயினும் வழி வேறு என்க. மூர்க்கும் ரசலுக்கும் அண்மையில் நின்ற எதிரி, முழுமுதல் ஒன்றே மெய் என்ற பிராட்லி. கான்ட்டின் மேல் விழுந்த வன்மையான அடி ரசலின் 1903ஆம் ஆண்டுக் கணித நூலில் உள்ளது. பிரேகே விட்டுவைத்த வடிவகணிதத்திலும் காட்சிக்கு இடமில்லை என்று அது வாதிட்டது. அவரே 1897இல் வடிவகணித அடிப்படை பற்றிக் கான்ட்டின் வழிநின்று எழுதியவர் என்பது நினைக்கத்தக்கது.

எனினும் கான்ட்டின் வினா அத்துடன் ஒழியவில்லை. 1921இல் வெளிவந்த விட்கன்ஸ்டைனின் நூல், அறிவின் எல்லை நின்ற இடத்தில் மொழியின் எல்லையை வைத்து ஆராய்கின்றது. மேலே நாம் பெயர்க்க இடர்ப்பட்ட அவ்வடைமொழியையே அளவையியலுக்குச் சூட்டுகின்றது.