தட்டில் அடுக்கிய பசி

‘கன்ஸ்யூம் மீ’ ஆட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டுத் தட்டில் காலி இடமே இல்லாமல் அடுக்கிவிட்டேன். கணக்கும் அன்றைய வரம்புக்குள் நின்றது. ‘செம’ என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு பள்ளி மாணவி குறைவாகச் சாப்பிட்டதற்கு நான் குஷியாகிக்கொண்டிருக்கிறேன்.

ஜென்னி ஜியாவோ ஷாவும் ஏ.பி. தாம்சனும் ஒரு சிறு குழுவோடு ஏறத்தாழப் பத்து வருடம் உருட்டி, 2025 செப்டம்பரில் வெளியிட்ட வீடியோ கேம் இது. வெளிவரும் முன்பே அந்த ஆண்டின் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் பெரும்பரிசை வாங்கிவிட்டது. நாயகியின் பெயரும் ஜென்னிதான். தன் பள்ளிக்காலத்து டயட் வெறியை ஷா அவள்மேல் ஏற்றியிருக்கிறார். உடம்பைக் குத்திக்காட்டும் அம்மா, துணி மடிப்பது, படிப்பு, காதல் எல்லாம் ரப்பர் கைகால்களோடு ஆடும் குட்டிக் குட்டி ஆட்டங்கள். சாப்பாடு டெட்ரிஸ் மாதிரி. ஒவ்வொரு உணவுக்கும் ஒரு வடிவம், கலோரிக்குப் பதிலாக ‘பைட்ஸ்’ என்று ஓர் எண். தட்டு நிரம்பாவிட்டால் பசி. எண் மிஞ்சினால் உடற்பயிற்சி செய்து கழிக்க வேண்டும், அதற்கு நேரம் போகும், நேரம் போனால் படிப்பு போகும்.

இந்த விஷயத்தைப் போய் விளையாட்டாக்கலாமா என்று கேட்கலாம். டயட்டுக்குத்தான் ஏற்கெனவே இலக்கு, ஸ்கோர், தோல்வி எல்லாம் இருக்கிறதே! ஷா அதைத் திரைக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். பயனர் ஒருநாள் வராவிட்டால் அவருடைய தொடர் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் நாலு வரி கோடை வேலையில் நானே எழுதியிருக்கிறேன். என் போனிலிருக்கும் கலோரி ஆப்பிலும் அதே லாஜிக். ஹாஸ்டலில் ‘டேய் குண்டா’ என்று கூப்பிட்டவன்மேல் வராத கோபம், ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டு அந்த ஆப் சிவப்பு காட்டியபோது என்மேலேயே வந்தது. ஜென்னியின் அம்மாவும் ஒருகட்டத்தில் தேவைப்படுவதில்லை. அவர் சொன்னதை அந்த எண் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. ஆட்டம் ரொம்ப நன்றாக இருக்கிறது. கதை ‘இவளுக்கு வலிக்குது பார்’ என்கிறது. கையோ ‘அடுத்த வாரம் இன்னும் டைட்டா ஆடலாம்’ என்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் ஜென்னியின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், கண் எண்களில் மட்டும். தொடக்கத்தில் எச்சரிக்கை போடுகிறார்கள், சரி. ஆனால் நிஜமாகவே பட்டினி கிடந்து பழகிய ஒருத்தி இதை ஆடினால் அவள் கைக்கு எது மிஞ்சும், அவமானமா, திறமையா? அவளிடம் இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இவ்வளவு சிரிக்க வைக்காமல் அழுமூஞ்சிக் கதையாகச் செய்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும். நானும் பத்து நிமிடத்தில் அனுதாபப்பட்டு மூடியிருப்பேன்.

கலோரி ஆப்பை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அழிக்கவில்லை. நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்.