கார்மில்லா கொன்ற குடியானவர்கள்

கியெர்மோ தெல் தோரோவின் ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ 2018இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஆய்வுக்கூடத்தில் அடைபட்ட நீர்வாழ் உயிரியை, வாய்பேச முடியாத துப்புரவுப் பெண் காதலிக்கும் கதை. 2025இல் அவரே ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்தார். அதில் எலிசபெத் சாவது விஞ்ஞானி விக்டரின் தோட்டாவால். மேரி ஷெல்லியின் நாவலில் விக்டரை மணந்த இரவன்று அவள் கழுத்தை நெரிப்பது விக்டர் உருவாக்கிய அந்த உயிர்தான். அரக்கன் கையிலிருந்த அவள் ரத்தத்தைத் திரைக்கதை கழுவிவிட்டது. கோதிக் அரக்கர்கள் சமூக வெறுப்பு பெற்றெடுத்த அப்பாவிகள் என்ற வாசிப்பு வகுப்பறையிலிருந்து திரையரங்குவரை வந்துவிட்டது. தடுத்துக் கேள்வி கேட்டவர்கள் குறைவு.

அந்த வாசிப்பு சுட்டிக்காட்டியதை மறுப்பதற்கில்லை. ‘டிராகுலா’ நாவலில் (1897) குற்றவியலாளர் லோம்ப்ரோஸோவின் பெயரைச் சொல்லித்தான் கதாநாயகி மீனா அந்தப் பிரபுவைக் குற்றவாளி ரகம் என்று வகைப்படுத்துகிறாள். அது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் லண்டனில் வந்திறங்கிக்கொண்டிருந்த காலம். 1905இல் அவர்களைக் கட்டுப்படுத்த அந்நியர் சட்டமே வந்தது. ஷெல்லியின் நாவலில் (1818) பார்வையற்ற முதியவர் அரக்கனிடம் கனிவாகப் பேசுகிறார், பார்வையுள்ள அவர் மகன் அவனைத் தடியால் அடிக்கிறான். வெறுப்பு கண்ணில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எல்லாம் சரி.

ஆனால் அரக்கனின் முகத்தில் யாருடைய சாயல் என்று தேடுகிறவர்கள், அவன் யாரைக் கொல்கிறான் என்று பார்ப்பதில்லை.

ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’வை (1872) எடுத்துக்கொள்வோம். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைக் காட்டேரியாக்கி, ஆண்கள் கூடிக் கழுவேற்றும் கதை என்று அதை வாசிக்கிறார்கள். கதைசொல்லி லாராவிடம் கார்மில்லா உருகுவது பக்கம் பக்கமாக அலசப்படுகிறது. அதே நாவலில் பன்றி மேய்ப்பவனின் இளம் மனைவி சாகிறாள். வனக்காவலரின் மகள் சாகிறாள். அவளுடைய சவ ஊர்வலம் போகும்போது கார்மில்லா காதைப் பொத்திக்கொள்கிறாள். குடியானவர்களைப் பற்றியெல்லாம் தனக்கு அக்கறையில்லை என்கிறாள். அவள் பல்லைக் கேலி செய்த கூனன் வித்தைக்காரனைத் தன் தந்தையாக இருந்தால் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்து, சூட்டுக்கோலால் பொசுக்கியிருப்பார் என்று பொங்குகிறாள். கார்ன்ஸ்டைன் வம்சத்துக் கோமகள் வேறெப்படிப் பேசுவாள்? காட்டேரி சிலரிடம் காதலைப்போல மெல்ல நெருங்கும், மற்றவர்களை ஒரே விருந்தில் முடித்துவிடும் என்று லெ ஃபானு கடைசியில் விளக்கமும் தருகிறார். கதையில் காதல் மாளிகைப் பெண்களுக்குக் கிடைக்கிறது. குடிசைப் பெண்களுக்குச் சாவு மட்டும். நம் விமர்சகர்களும் அதே பாகுபாட்டோடுதான் வாசிக்கிறார்கள். லாராவுக்கு ஆய்வேடு, பன்றி மேய்ப்பவன் மனைவிக்கு அடிக்குறிப்புகூட இல்லை.

டிராகுலாவும் ஆங்கிலேயரின் அந்நிய பயமாக மட்டும் சுருங்கிவிட்டான். லண்டனுக்குக் கப்பலேறுமுன் அவன் நிலப்பிரபு. கோட்டை முற்றத்தில் வந்து விழுந்து, அரக்கனே என் பிள்ளையைக் கொடு என்று கதறுகிறவள் அவன் மண்ணைச் சேர்ந்த ஒரு தாய். ஓநாய்களை அழைத்து அவளை முடித்துவிடுகிறான். அவளுக்கு எந்த அந்நிய வெறுப்பு?

வெறுப்புதான் அவர்களை அரக்கராக்கியது என்பார்கள். ஷெல்லியின் அரக்கனே இந்த வாதத்தை விக்டரிடம் வைக்கிறான், நம்மைவிட அழகாகவும் வைக்கிறான். ஷெல்லி அதோடு நிறுத்தவில்லை. அவன் விக்டரின் சின்னத் தம்பி வில்லியமைக் கொன்று, பணிப்பெண் ஜஸ்டினின் உடையில் சிறுவனிடமிருந்து எடுத்த படப்பதக்கத்தைச் செருகிவிட்டுப் போகிறான். அவள் அவனுக்குத் தீங்கு செய்தவளல்ல, அவனைப் பார்த்ததுகூடக் கிடையாது. தன்னைப் பார்த்து அப்படிப்பட்டவள் சிரிக்கமாட்டாள் என்று அவனே முடிவுகட்டிக்கொள்கிறான். மற்றவர்கள் அவனுக்குச் செய்ததை அவன் அவளுக்குச் செய்கிறான். பிறகு ஊர் அவளைக் குற்றவாளி என்கிறது, பாதிரியார் மிரட்டி வாக்குமூலம் வாங்குகிறார், நீதிமன்றம் தூக்கிலிடுகிறது.

நாவலில் சமூக வெறுப்பு சட்டப்படி ஓர் உயிரைப் பறிக்கும் இடம் இதுதான். அதைத் தேடிப் புறப்பட்ட வாசிப்பு அரக்கனின் சொல்வன்மையில் மயங்கி இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒடுக்கப்பட்டவருக்காகப் பேசுவதாகச் சொல்லும் எந்தத் திறனாய்வுக்கும் முதல் சோதனை ஜஸ்டின். அவளைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால், அது பரிவு காட்டுவது பேசத் தெரிந்தவர்களிடம் மட்டுமே.