விடுதி அறைக்குள் வரும் சட்டம்

கருக்கலைப்பு பற்றிய விவாதங்களில் இரண்டு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று உயிர், மற்றொன்று உரிமை. இரண்டும் பெரிய சொற்கள். பெரிய சொற்களில் ஒரு வசதி உண்டு. ரூம் வாடகை எவ்வளவு, பணத்தை யாரிடம் புரட்டுவது, ரத்தம் நிற்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் யோசிக்காமலேயே மணிக்கணக்கில் பேசிவிடலாம். ருமேனிய இயக்குநர் கிறிஸ்டியான் முஞ்ஜியுவின் ‘4 மாதம், 3 வாரம், 2 நாள்’ இந்தச் சில்லறை விவரங்களால் மட்டுமே ஆன படம். 2007இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்தபின் இதை மறுபடி பார்த்தால், பழைய கம்யூனிச நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

கதை ரொம்பச் சின்னது. ஆண்டு 1987. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருக்கும் இரண்டு பெண்கள். கபிட்சா கர்ப்பமாக இருக்கிறாள். தோழி ஓடிலியா ஹோட்டலில் அறை எடுத்து, பேபே என்கிற ஆளைக் கூட்டிவருகிறாள். ஒரு பகல், ஒரு இரவு. அவ்வளவுதான்.

பின்னணி தெரிந்தால்தான் அந்த ஒரு நாளின் கனம் புரியும். 1966இல் சௌஷெஸ்கு அரசு ஆணை எண் 770 மூலம் கருக்கலைப்பைத் தடை செய்தது. கருவின் புனிதமெல்லாம் காரணமில்லை. மக்கள்தொகை பெருக வேண்டும், உழைக்க ஆள் வேண்டும். 1966இல் சுமார் 2,74,000 ஆக இருந்த பிறப்பு எண்ணிக்கை அடுத்த ஆண்டே சுமார் 5,28,000 ஆனது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. ஜனங்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வழியில் பெண்கள் செத்தார்கள். 1989இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 170 தாய்மார் இறந்தனர். அந்த டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு முதல் வேலைகளில் ஒன்றாக ஆணையை நீக்கியது. 1990இல் இறப்பு ஏறக்குறைய பாதியானது. அதே ஆண்டில் சட்டபூர்வக் கருக்கலைப்புகள் பத்து லட்சத்தை நெருங்கின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருத்தடைச் சாதனங்களே எளிதில் கிடைக்காமல் வைத்திருந்த நாட்டில் வேறு என்ன நடக்கும்? முஞ்ஜியு பிறந்தது 1968இல். அந்த ஆணைக்குப் பின் பிறந்த பெருங்கூட்டத்துக்கு ருமேனியாவில் தனிப் பெயரே உண்டு: ‘ஆணைப் பிள்ளைகள்’.

இத்தனை வரலாற்றில் ஒரு வரியைக்கூடப் படம் நமக்குச் சொல்வதில்லை. சௌஷெஸ்குவின் பெயரோ போலீஸ் துரத்தலோ இல்லை, பின்னணி இசைகூட இல்லை. சட்டம் பேபேவின் உருவில் வருகிறது. அவன் கத்துவதில்லை. நிதானமாக, நியாயஸ்தன் மாதிரிப் பேசுகிறான். சொன்ன ஹோட்டலில் ஏன் அறை எடுக்கவில்லை? நேரில் வரச் சொன்னேனே, ஏன் தோழியை அனுப்பினாய்? எத்தனை மாதம் என்று ஏன் பொய் சொன்னாய்? அவன் கேள்விகள் எல்லாமே ஒரு வகையில் சரி; மாட்டினால் அவனுக்கும் சிறைதான். அந்தச் ‘சரி’யின் மேல் ஏறி நின்றுகொண்டுதான், பணம் போதாததற்கு ஈடாக இரண்டு பெண்களின் உடலையும் கேட்கிறான். காமிரா அதைக் காட்டுவதில்லை.

பேபே கெட்டவன் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவனுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். தேவை இருக்கும் ஒரு பாதையை மூடினால் தேவை மறையாது, கண்காணிக்க முடியாத வேறு பாதைக்குப் போகும். அங்கே நிற்பவன் வைத்ததுதான் விதி. அறைக்குள் நடந்ததை அந்தப் பெண்கள் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. புகார் சொன்னால் குற்றவாளிகள் அவர்களே. தடைச் சட்டம் கருக்கலைப்பைத் தடுத்ததோ இல்லையோ, பேபேவைப் பாதுகாத்தது.

படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது ஒரு சாப்பாட்டு மேஜை. கபிட்சாவை அறையில் விட்டுவிட்டு, காதலனின் அம்மா பிறந்தநாளுக்கு ஓடிலியா போகிறாள். அசையாத ஒரே ஷாட். நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டத்தின் நடுவே அவள் முகம். சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள். சமையலைப் பற்றியும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரு பெண் குழாய் செருகப்பட்டுப் படுத்திருக்கிறாள். இங்கே அறை நிறைய மருத்துவம் படித்தவர்கள், ஒருவரிடமும் கேட்க முடியாது. அறிவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. நடுவில் சட்டம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

படத்தின் மீது இரண்டு புகார்கள் வைக்கலாம். ஒன்று, கபிட்சா. சோம்பேறி, பொய் சொல்கிறாள், எல்லாவற்றையும் தோழி தலையில் கட்டுகிறாள். இப்படிப்பட்டவளை ஏன் மையத்தில் வைக்க வேண்டும்? அன்னி எர்னோ, 1964இல் மாணவியாகத் தான் செய்துகொண்ட சட்டவிரோதக் கருக்கலைப்பைப் பற்றி எழுதிய ‘நிகழ்வு’ நூலிலும், அதைத் தழுவி ஆத்ரே திவான் எடுத்து 2021இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற படத்திலும் நாயகி கெட்டிக்காரி. படிப்பும் எழுத்தும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. நாம் தயங்காமல் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். முஞ்ஜியு அந்த வசதியைத் தரவில்லை. கர்ப்பம் எப்படி வந்தது, ஆண் யார் என்றுகூடச் சொல்வதில்லை. நம் விவாதங்களிலோ ‘பாவம், வன்கொடுமையா? உயிருக்கு ஆபத்தா?’ என்று மனு விசாரிப்பதுதான் முதல் வேலை. தகுதியுள்ளவளுக்கு மட்டும் இரங்குவது சலுகை. உரிமை என்றால் அது கபிட்சாவுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது புகார் எதிர்த் திசையிலிருந்து வரக்கூடியது, இன்னும் கனமானது. குளியலறைத் தரையில் துண்டின் மேல் கிடக்கும் கருவைக் காமிரா நேராகக் காட்டுகிறது, சட்டென்று விலகுவதில்லை. தடையை ஆதரிப்பவர் ‘பார்த்தீர்களா’ என்று அந்தச் சட்டகத்தைத்தான் சுட்டுவார். சுட்டட்டும். சட்டபூர்வத்தை ஆதரிப்பவர்கள் அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பலவீனம். நான்கு மாதம் கடந்த கரு ஒன்றுமே இல்லை என்று ஓடிலியா நினைக்கவில்லை. கபிட்சாவும்தான், அதைப் புதைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். துக்கப்படும் உரிமையையும் சேர்த்தே அந்தச் சட்டம் பறித்துவிட்டது. கைப்பைக்குள் அதை வைத்துக்கொண்டு இருட்டில் அலையும் ஓடிலியா, கடைசியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் குப்பைக் குழாயில் போடுகிறாள். உயிரை மதிப்பதற்கென்று ஒரு தடை வந்தாலும் அது போய் முடியும் இடம் இதுதான் என்றால், அந்த மதிப்புக்கு என்ன பொருள்?

சர்வாதிகார ருமேனியாவையும் ஓட்டுப்போட்டுச் சட்டம் இயற்றும் நாடுகளையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நோக்கம் வேறு, உண்மை. கரு எப்போது மனிதராகிறது என்ற கேள்விக்கும் இந்தப் படத்தில் விடை இல்லை. ஆனால் மக்களாட்சி அயர்லாந்தில், 2012இல், கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும் அதன் இதயத்துடிப்பு நிற்கும்வரை மருத்துவர்கள் காத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் ரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்தார். 2018இல் 66.4 சதவீத வாக்காளர்கள் அந்தத் தடையை நீக்கினார்கள். இடையில் ஆறு வருடம்.

படத்தின் முடிவில் தோழிகள் ஹோட்டலின் உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஏதோ ஒரு கல்யாண விருந்து. இனி இதைப் பற்றி நாம் பேசவே கூடாது என்கிறாள் ஓடிலியா. அந்த ஒரு நிகழ்வுக்கென்று எர்னோ தனி நூல் வெளியிட்டது 2000இல், முப்பத்தாறு வருடம் கழித்து. பேசாமலே போனவர்கள் எத்தனை பேரோ. பேசியிருக்க வேண்டியவர்கள் பேசாமல் இருந்த இடத்தில்தான் மற்றவர்கள் பெரிய சொற்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நாளும் விவாதித்திருக்கிறோம்.