காது வழி வந்த கல்கி

ஒலிநூலைக் கேட்டு முடித்தவர்களின் பேச்சில் கதைக்கு முன்னால் குரல் வந்து நிற்கிறது. பாம்பே கண்ணன் பல குரல்களைக் கொண்டு உருவாக்கிய, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஒலிநூலையே எடுத்துக்கொள்வோம். ஆழ்வார்க்கடியானுக்கு அந்தக் குரல் பொருந்தியதா, நந்தினியின் பேச்சில் தேனும் நஞ்சும் சரியாகக் கலந்திருந்ததா என்றுதான் விமர்சனம் தொடங்கும். இதை மேலோட்டமான ரசனை என்று தள்ளிவிட முடியாது. எழுத்தையும் நடிப்பையும் ஒருசேர எடைபோட்டால்தான் இப்படிப் பேச வரும். தில்லியில் ஒலிநூலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. கரோல் பாக்கிலோ மயூர் விஹாரிலோ வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசினாலும் ஐந்து பாகங்களை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுபவர்களுக்குக் கல்கி காது வழியாகத்தான் எட்டுகிறார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் நிலையங்களை அறிவிக்கும் மெட்ரோவில், அவர்கள் காதில் வந்தியத்தேவனின் குதிரை வீரநாராயண ஏரிக்கரையில் போய்க்கொண்டிருக்கும்.

கேட்பது வாசிப்பாகுமா, குரல் கொடுப்பவர் நம் கற்பனையைப் பறித்துவிடுகிறாரே என்பார்கள். பாதி நியாயம்தான், இறங்கும் நிலையத்தைக் கவனிக்கிற நொடியில் ஒரு வர்ணனை நழுவிப்போகும். ஆனால் இந்த நாவல் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோதே, ஒருவர் உரக்கப் படிக்க வீடே கேட்டதுண்டு. வாசகரை நேராக அழைத்துப் பேசும் அந்த நடைக்குக் குரல் அந்நியமானதில்லை. மேலும், ‘குந்தவைக்கு இந்தக் குரலா?’ என்று ஒருவர் கோபித்துக்கொள்கிறார் என்றால், குந்தவை எப்படிப் பேசுவாள் என்று அவர் முன்பே கற்பனை செய்திருக்கிறார். பறிபோன கற்பனைக்குக் கோபம் வராது.